போன் மாறினால் வயர் மட்டுமா மாறுகிறது? பழைய சாமான் வைத்திருக்கும் வன்னிக்காரருக்கான இழை

மல்லாவி வயல்காரன்

வணக்கம் உறவுகளே. எந்தப் போன் வாங்கலாம் என்று இங்கே நிறையப் பேர் எழுதுகிறார்கள். போனை மாற்றிய பிறகு வீட்டில் மிஞ்சுகிற சாமான்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதைக் கதைக்கத்தான் இந்த இழை.

எங்கள் வீட்டில் போன வருசம் வரை எல்லாமே மைக்ரோ யூ.எஸ்.பி வயரில் ஓடின. இரவுக் காவலுக்குக் கொண்டுபோகும் ரோர்ச், அம்மாவின் சின்ன ஸ்பீக்கர், அப்பாவின் பிரஷர் பார்க்கும் மெஷின், ஒரு பவர் பாங்க், தம்பியின் போன். பிறகு தம்பி டைப்-சி போன் வாங்கினான். வீட்டில் வாங்கும் புது வயர்கள் எல்லாம் டைப்-சி ஆகிவிட்டன. பழைய மைக்ரோ வயர்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. சந்திக் கடையில் கேட்டால் மைக்ரோ வயர் இல்லை என்கிறார்கள், அல்லது ஒரு போகம்கூடத் தாங்காத ஒன்றை எடுத்துத் தருகிறார்கள்.

ரோர்ச்சில் ஒரு குறையும் இல்லை. பற்றரி நல்லது, வெளிச்சம் நல்லது. யானை இறங்குகிற காலத்தில் பரணில் இருப்பவனுக்கு அது உயிர்க்காவல். அதன் வாய்க்குப் பொருந்தும் வயர் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை எறிய எனக்கு மனம் வரவில்லை. பிரஷர் மெஷினும் அப்படித்தான். அதன் விலைக்கு ஒரு மூடை பசளை வாங்கலாம்.

கடையில் விற்கும் சின்னக் கன்வேட்டர்களை நம்பலாமா? எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள். "எல்லாவற்றையும் புதிதாக வாங்குங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம். அது முடியுமென்றால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டேன்.

கிளிநொச்சிக் கடைக்காரன்

தம்பி, கடைக்காரன் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

போர் முடிந்த பிறகுதான் இங்கே பெரும்பாலான ஆட்களின் கைக்குப் போன் வந்தது. அப்போது நோக்கியாக் காலம். முதலில் பெரிய பின், பிறகு சின்னப் பின். பெரியது 3.5 மில்லிமீற்றர், சின்னது 2 மில்லிமீற்றர். பழைய சார்ஜரைப் புதுப் போனில் பாவிக்க விரல்நுனி அளவில் ஒரு மாற்றித் துண்டும் இருந்தது. நோக்கியா கொம்பனியே அதைச் செய்து விற்றது. அதற்குப் பிறகு மைக்ரோ வந்தது. கமரா, பாட்டுப்பெட்டி என்று சிலவற்றுக்கு மினி யூ.எஸ்.பி. ஐபோனுக்கு முதலில் 30 பின் உள்ள அகலமான வாய், 2012இல் லைட்னிங் என்ற சின்ன வாய், 2023இல் ஐபோன் 15உடன் டைப்-சி.

ஒவ்வொரு மாற்றத்திலும் கடையில் ஒரு தட்டு நிறையச் சரக்கு அப்படியே நின்றுபோகும். மொத்த வியாபாரி திருப்பி எடுக்கமாட்டார். மைக்ரோ வயர் நல்ல தரத்தில் எடுத்து வைக்கச் சொல்கிறீர்கள். எடுத்து வைத்தேன். தடித்த வயர், விலை கொஞ்சம் கூட. சனம் பக்கத்தில் தொங்கும் மலிவு வயரைத்தான் எடுத்துக்கொண்டு போகிறது. அது பழுதாக என்னிடம்தான் திரும்பி வந்து கோபிக்கிறது. நல்லது விற்காது, மலிவு நிலைக்காது. இதற்கு நடுவில் நான் என்ன செய்ய?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஓடும் ஐபோன்களில் பெரும்பங்கு கனடா, லண்டன், சுவிஸ் என்று சொந்தக்காரர் பாவித்து அனுப்பியவை. அங்கே உள்ளவர் டைப்-சிக்கு மாறும்போது லைட்னிங் போன் இங்கே வருகிறது. ஆகவே அந்த நாடுகளில் லைட்னிங் மறைந்த பிறகும் வன்னியில் இன்னும் பல வருசத்துக்கு அந்த வயர் தேவைப்படும். நிறுத்தப்பட்ட சாமானுக்கு இங்கேதான் தேவை கூடுகிறது. இது மொத்த வியாபாரிகளுக்கு விளங்குவதில்லை.

மின்வேலை மாஸ்டர்

வயல்காரனுக்கு விளக்கமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது: உங்கள் ரோர்ச், ஸ்பீக்கர், பிரஷர் மெஷின் எல்லாம் கேட்பது 5 வோல்ட். டைப்-சி போனும் சார்ஜரோடு வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத வரைக்கும் வாங்குவது அதே 5 வோல்ட். மாறியது வாயின் வடிவம். ஆகவே பெரிய தட்டை வாய் உள்ள பழைய சார்ஜர் தலையை, அதாவது யூ.எஸ்.பி-ஏ தலையை, ஒருபோதும் எறியாதீர்கள். வயர் கழன்று வருகிற சார்ஜர் வந்ததுதான் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை. நோக்கியாக் காலத்தில் வயர் அறுந்தால் சார்ஜரே போச்சு. இப்போது வயரை மட்டும் மாற்றினால் போதும். ஒரு நல்ல ஏ தலை, அதற்கு ஒரு மைக்ரோ வயர், ஒரு டைப்-சி வயர், ஒரு லைட்னிங் வயர். வீட்டில் உள்ள எல்லாம் ஓடும்.

கன்வேட்டர் விசயம். மூன்று வகையைப் பிரித்துப் பாருங்கள்.

மைக்ரோ வயரை உள்ளே வாங்கி, டைப்-சி முனையாக வெளியே நீட்டுகிற துண்டு: இது யூ.எஸ்.பி நியமத்திலேயே உள்ளது. பழைய மைக்ரோ வயரால் புதுப் போனுக்குச் சார்ஜ் ஏற்ற இது போதும். மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

டைப்-சி வயரை உள்ளே வாங்கி, மைக்ரோ முனையாக நீட்டுகிற துண்டு: உங்களுக்குத் தேவையானது இதுதான், ஆனால் இது நியமத்தில் இல்லை. கடைகளில் விற்கிறார்கள். பழைய ஏ தலை, அதில் ஏ முதல் சி வரையான வயர், அதன் நுனியில் இந்தத் துண்டு என்று வைத்தால் ரோர்ச்சுக்கு 5 வோல்ட்தான் போகும். அதற்கு நான் தடை சொல்லமாட்டேன். இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள வயரோடு போட்டால் பல துண்டுகளில் கறண்டே வராது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

டைப்-சியை உள்ளே வாங்கி, பெரிய ஏ முனையாக நீட்டுகிற துண்டு: இதில் கவனம். இதோடு ஒரு சாதாரண வயரைச் சேர்த்தால் இரண்டு பக்கமும் ஏ முனை வந்துவிடும். விபரம் தெரியாத ஒருவர் இரண்டு பக்கத்தையும் இரண்டு சார்ஜரில் செருகினால் இரண்டு மின்மூலங்கள் நேருக்குநேர் முட்டும். நியமம் எழுதியவர்கள் இதை விலக்கியதற்கு இப்படியான சேர்க்கைதான் காரணம். பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

வயரிலும் ஒரு பொறி இருக்கிறது. ஏ முதல் சி வரையான வயரின் உள்ளே 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று இருக்க வேண்டும். "நான் பழைய தலையில் இருந்து வருகிறேன், அளவாக எடு" என்று அது போனுக்குச் சொல்லும். மலிவு வயர்களில் 10 கிலோ ஓம் போட்டுவிடுவார்கள். அப்போது போன் 3 அம்பியர் கிடைக்கும் என்று நம்பி இழுக்கும். பழைய தலை தாங்காமல் சூடேறும். கூகுளில் வேலை செய்த பென்சன் லியூங் என்ற பொறியியலாளர் 2015இல் கடை வயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதிய பிறகுதான் இந்தக் கோளாறு உலகத்துக்குத் தெரியவந்தது. 2016இல் அப்படிச் சோதித்த ஒரு வயர் அவருடைய மடிக்கணினியையே பழுதாக்கியது. ஆகவே சார்ஜர் தலையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வயரை மாற்றுங்கள்.

வவுனியா மாணவன்

மாஸ்டர், ஒரு சந்தேகம். புதிதாக வாங்கிய தலைரோர்ச்சில் டைப்-சி வாய்தான் இருக்கிறது. ஆனால் அக்காவின் புதுப் போனோடு வந்த சி முதல் சி வயரைப் போட்டால் அது சார்ஜே ஆவதில்லை. பழைய ஏ தலையில் போட்டால் ஆகிறது. ரோர்ச் பழுதா, சார்ஜர் பழுதா?

மின்வேலை மாஸ்டர்

இரண்டும் பழுதில்லை தம்பி. ரோர்ச் செய்தவர் சில சதம் மிச்சம் பிடித்திருக்கிறார்.

டைப்-சி வாயில் 24 தொடுமுனைகள். அதில் சி.சி. என்று இரண்டு. வாங்குகிற சாமானின் பக்கத்தில் அந்த இரண்டிலும் தலா ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். அதைக் கண்டால்தான் டைப்-சி சார்ஜர் கறண்டைத் திறந்துவிடும். காணாவிட்டால் பூச்சியம் வோல்ட். பழைய ஏ தலை இதெல்லாம் பார்ப்பதில்லை, எப்போதும் 5 வோல்ட்டோடு நிற்கும். அதனால்தான் அதில் ஏறுகிறது. மேலே சொன்ன சி-மைக்ரோ துண்டும் இதே காரணத்தால்தான் பேசாமல் இருக்கிறது.

இதைக் கடையில் வாங்கும்போதே சோதிக்கலாம். "சி முதல் சி வயரில் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். விளக்கு எரிந்தால் ஒழுங்காகச் செய்த சாமான். எரியாவிட்டாலும் விலை நல்லதென்றால் வாங்கலாம், ஆனால் பழைய தலை உங்களிடம் இருக்க வேண்டும்.

வயல்காரனுக்கும் ஒரு யோசனை. உங்கள் ரோர்ச்சின் மைக்ரோ வாயைக் கழற்றிவிட்டு டைப்-சி வாய் பொருத்தலாம். சார்ஜுக்கு மட்டும் என்று குறைந்த தொடுமுனைகளோடு வாய்கள் கிடைக்கின்றன, சின்னப் பலகையில் ரெசிஸ்டரோடு ஒட்டியே வருவதும் உண்டு. திருத்துபவரிடம் "5.1 கிலோ ஓம் இரண்டும் போட்டுத் தாருங்கள்" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். பிரஷர் மெஷினுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். மருத்துவக் கருவியை உடைத்துத் திறக்கக்கூடாது. அந்த வகையில் பல மெஷின்கள் சாதாரண ஏஏ பற்றரியிலும் ஓடும். பின்மூடியைத் திறந்து பாருங்கள்.

மல்லாவி வயல்காரன்

மிக்க நன்றி மாஸ்டர். அப்பாவின் மெஷினில் பற்றரிப் பெட்டி இருக்கிறது, இவ்வளவு காலமும் அதை யாரும் பார்க்கவில்லை. ரோர்ச்சுக்கு வாய் மாற்றத் துணுக்காய்ப் பக்கத்தில் ஒருவரிடம் கொடுக்கப் போகிறேன்.

ரொறன்ரோவில் ஒருவன்

இழையை முழுவதும் வாசித்தேன். ஒரு விசயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. டைப்-சிக்கு எல்லாரும் மாறுவதை ஒரு தொல்லைபோலக் கதைக்கிறோம். நீண்டகாலத்தில் இது வன்னிக்குத்தான் கூட நன்மை.

2009இல் ஐரோப்பிய ஆணைக்குழு சொல்லி 14 கொம்பனிகள் மைக்ரோ யூ.எஸ்.பியைப் பொதுச் சார்ஜர் வாயாக ஏற்றன. அது விருப்பத்தின் பேரில் செய்த உடன்பாடு. கன்வேட்டர் கொடுத்தால் போதும் என்று அதில் வழி இருந்தது. அதனால் ஆப்பிள் தன் வாயை மாற்றாமலே தப்பியது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சட்டமாக்கியது. 2024 டிசெம்பர் 28 முதல் அங்கே விற்கும் போன், டப்லெட், கமரா, ஹெட்போன், கையடக்க ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் வயர் போட்டுச் சார்ஜ் ஏற்றுவதென்றால் டைப்-சி வேண்டும். மடிக்கணினிக்கு 2026 ஏப்ரல் 28. அந்தச் சட்டம் இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஐரோப்பாவுக்கு ஒரு வாயும் கிளிநொச்சிக்கு இன்னொரு வாயும் வைத்துத் தொழிற்சாலை நடத்த எந்தக் கொம்பனிக்கும் இலாபமில்லை. பயன் எங்களுக்கும் வருகிறது. பாவிக்காமல் கிடந்து எறியப்படும் சார்ஜர்களால் மட்டும் ஐரோப்பாவில் வருசத்துக்கு 11,000 தொன் குப்பை என்று ஆணைக்குழு மதிப்பிட்டது. அந்த மாதிரிக் குப்பை எங்கள் குளக்கட்டிலும் கிடக்கிறது.

இன்னும் சில வருசத்தில் ரோர்ச், ஸ்பீக்கர், போன் எல்லாம் ஒரே வயரில் ஓடும். மல்லாவி வயல்காரன் மைக்ரோக் காலத்தில் அனுபவித்த வசதி திரும்பி வரும். நடுவில் உள்ள இந்த இடைக்காலம்தான் கஷ்டம்.

விசுவமடு ரீச்சர்

ரொறன்ரோத் தம்பி சொல்வதை நான் மறுக்கவில்லை. ஒரே வாய் என்பது நல்லதுதான். ஆனால் "இடைக்காலம்" என்று ஒரு சொல்லில் கடந்துபோகிறீர்கள். அந்த இடைக்காலத்துக்கு யார் காசு கட்டுகிறார்கள்? அங்கே இருப்பவர் போன் மாற்றும்போது மேசை இலாச்சியில் நாலு வயர் சும்மா கிடக்கும். இங்கே பல வீட்டில் ஒரே போன், ஒரே வயர். அந்த வயர் பொருந்தாமல் போனால் பிள்ளையின் படிப்பு நிற்கும்.

2020, 2021இல் பாடசாலை மூடியிருந்தபோது பிள்ளைகள் ஒரு போனைச் சகோதரங்களோடு பங்குபோட்டுப் படித்தார்கள். அப்போது வாங்கிய ஹேண்ட்ஸ்ஃப்ரீ எல்லாம் 3.5 மில்லிமீற்றர் வட்ட முனை. இப்போது வரும் போன்கள் பலவற்றில் அந்த ஓட்டையே இல்லை. 2016இல் ஐபோன் 7இல் அதை எடுத்தார்கள், பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை டைப்-சி முதல் வட்ட ஓட்டை வரையான கன்வேட்டர் ஒன்று வாங்கி வந்தாள். அவளுடைய போனில் சத்தமே வரவில்லை. அதே கன்வேட்டர் பக்கத்துப் பிள்ளையின் போனில் வேலை செய்தது. கடைக்காரர் "போன் பழுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாய் ஒன்று, ஆனால் வேலை ஒன்றில்லை என்றால் அது என்ன பொது நியமம்? மாஸ்டர், இதற்குக் காரணம் தெரியுமா?

மின்வேலை மாஸ்டர்

ரீச்சர், அந்தப் பிள்ளையின் போனும் நல்லது, கன்வேட்டரும் நல்லது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

இந்தக் கன்வேட்டரில் இரண்டு சாதி. ஒன்று வெறும் வயர் மட்டும். போன் தானே சத்தத்தை மின் அலையாக டைப்-சி வாய்வழியாக வெளியே விட்டால்தான் அது வேலை செய்யும். சில போன்கள் அப்படி விடும், பல போன்கள் விடாது. மற்றதன் உள்ளே டி.ஏ.சி. என்ற சின்னச் சில்லு இருக்கும். போன் இலக்கமாக அனுப்புவதை அதுவே சத்தமாக மாற்றும். இந்த இரண்டாவது வகை ஏறக்குறைய எல்லாப் போனிலும் வேலை செய்யும், டைப்-சி ஐபோனிலும் செய்யும். வெளியில் பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. பெட்டியில் டி.ஏ.சி. என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் உங்கள் போனிலேயே போட்டுக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

பழைய ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. நாலு தொடுமுனை உள்ள வட்ட முனையில் மைக்குக்கும் தரைக்கம்பிக்கும் உரிய இடங்கள் இரண்டு முறைகளில் வந்தன. பழைய நோக்கியாக்கள் பலவற்றில் ஒரு முறை, இப்போதையவற்றில் மற்ற முறை. மாறிப் போட்டால் பாட்டுக்காரரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருக்கும், மைக் வேலை செய்யாது. மைக்கின் பொத்தானை அமத்திப் பிடித்தால் சத்தம் சரியாகும். அப்படி ஆனால் முறைதான் பிரச்சினை, ஹேண்ட்ஸ்ஃப்ரீ இல்லை.

ரொறன்ரோவில் ஒருவன்

ரீச்சர், நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. யார் காசு கட்டுவது என்பதை நான் அந்தக் கோணத்தில் எழுதவில்லை. இங்கிருந்து போன் அனுப்புகிற எல்லாருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். போனை மட்டும் துணிக்குள் சுற்றி அனுப்பாதீர்கள். அதன் வயர், சார்ஜர் தலை, உறை, கன்வேட்டர் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். 2020 ஒக்டோபருக்குப் பிறகு வந்த ஐபோன் பெட்டிகளில் சார்ஜர் தலை வருவதேயில்லை. அங்கே உள்ளவர்கள் தனியாகத்தான் வாங்க வேண்டும். உங்கள் இலாச்சியில் கிடக்கும் லைட்னிங் வயர்கள் இங்கே குப்பை, அங்கே தேவை.

தலையை அனுப்பும்போது முனையையும் பாருங்கள். கனடாத் தலைக்குத் தட்டையான இரண்டு தகடு. இலங்கைச் சுவரில் அது நேரே போகாது.

நெடுங்கேணி ஐயா

பிள்ளைகள் எழுதுவதை எல்லாம் வாசித்தேன். சுவர் பிளக்கைப் பற்றி ஒருவர் தொட்டதால் நானும் எழுதுகிறேன்.

எங்கள் பழைய வீடுகளில் உருண்டை முனை 5 அம்பியர், 15 அம்பியர் சொக்கெற்றுகள். இப்போது நாட்டின் நியமம் 13 அம்பியர் சதுர முனை. ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு நல்ல வேலை செய்தார்கள். புதிதாகச் செய்வதையும் இறக்குவதையும் மாற்றச் சொன்னார்கள், வீட்டில் ஏற்கெனவே உள்ளதை மாற்றப் பல வருச அவகாசம் விட்டார்கள். போன் கொம்பனிகள் அப்படி அவகாசம் விடுவதில்லை. நேற்று இருந்த வாய் இன்று புதுப் போனில் இல்லை.

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது எங்களுக்கு பற்றரி வரவிடவில்லை. ரேடியோக் கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து இரண்டு கம்பி இழுத்தோம். கறண்ட் இல்லாத வருசங்கள் அவை. அப்போது எந்த ரேடியோவையும் ஓட்ட முடிந்ததற்குக் காரணம், எல்லாவற்றிலும் இரண்டு கம்பி வெளியே தெரிந்தது. பிளஸ் எது, மைனஸ் எது என்று தெரிந்தால் போதும். இன்றைய சாமானில் கம்பி வெளியே தெரிவதில்லை, ஒட்டி மூடிவிடுகிறார்கள். வாய் மாறுவதைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை. திறந்து திருத்தக்கூடிய சாமானுக்கு எந்த வாய் வந்தாலும் ஒரு வழி பிறக்கும்.

12 வோல்ட் சோலர் பற்றரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். காரில் சிகரெட் பற்றவைக்கிற வட்டச் சொக்கெற் ஒன்றை பற்றரியோடு பொருத்துங்கள், நடுவில் பியூஸ் போட்டு. எத்தனை போன் வாய் மாறினாலும் அந்தச் சொக்கெற் மாறவில்லை. அதில் செருகும் தலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டியபோது எங்கள் ஒழுங்கையில் இருந்த போன்கள் எல்லாம் அப்படித்தான் உயிரோடு இருந்தன.

வவுனியா மாணவன்

ஐயா, வயர் இல்லாமல் தட்டில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவது வந்துவிட்டதே. அது வந்தால் இந்த வாய்ப் பிரச்சினையே இல்லைத்தானே?

நெடுங்கேணி ஐயா

தம்பி, அதில் வயரைவிடக் கூடுதலாக மின்சாரம் சூட்டாகப் போகிறது. பகல் முழுக்கச் சோலரில் சேர்த்த கறண்டை அப்படி வீணாக்க எனக்கு விருப்பமில்லை. அந்தத் தட்டுக்கும் ஒரு வயர் வேண்டும், அதிலும் ஒரு வாய் இருக்கிறது.

முல்லைக்கடல்

கடற்கரைப் பக்கத்தில் இருந்து ஒரு விசயம். எங்கள் படகில் கைப்பிடி ஜி.பி.எஸ். மினி யூ.எஸ்.பி வாய். மினி வயர் இப்போது முல்லைத்தீவில் தேடினாலும் கிடைப்பதில்லை. ஆனால் மெஷின் இன்றும் ஓடுகிறது, ஏனென்றால் அது ஓடுவது இரண்டு ஏஏ பற்றரியில். கணினியில் இருந்து புள்ளிகளை ஏற்றத்தான் வயர். வாயை நம்பாத சாமான் தப்பிப் பிழைக்கிறது.

உப்புக்காற்றில் எந்த வாயும் பச்சை பிடிக்கும். போன் சார்ஜ் ஏறாவிட்டால் உடனே "வாய் போச்சு" என்று புதுப் போன் வாங்காதீர்கள். போனை நிறுத்திவிட்டு, நல்ல வெளிச்சத்தில் வாய்க்குள் பாருங்கள். வன்னிச் செம்புழுதியும் துணிப் பஞ்சும் இறுகி அடியில் கிடக்கும். உலர்ந்த ஈர்க்கால் மெதுவாகக் கிண்டி எடுங்கள். ஊசி, குண்டூசி வேண்டவே வேண்டாம். டைப்-சி வாயின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது, அது முறிந்தால் கதை முடிந்தது.

புதுக்குடியிருப்பு மகள்

இழைக்குச் சம்பந்தமா தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். அப்பா பாவித்த பழைய நோக்கியா ஒன்று இருக்கிறது. சின்னப் பின். அப்பா இப்போது இல்லை. அதில் அவர் எடுத்த படங்களும் அவர் குரலில் ஒரு பதிவும் உண்டு. சார்ஜ் ஏற்றும் ஓட்டை ஆடுகிறது, எந்தச் சார்ஜரைப் போட்டாலும் ஏறுவதில்லை. இரண்டு கடைக்காரர் "இதற்கு இனி ஒன்றும் கிடையாது, எறியுங்கள்" என்றார்கள். எறிய முடியாது. வழி ஏதும் உண்டா?

மின்வேலை மாஸ்டர்

தங்கச்சி, நூறு வீதம் சம்பந்தம் உண்டு. எறியாதீர்கள், வழி இருக்கிறது.

பின்மூடியைக் கழற்றிப் பற்றரியைப் பாருங்கள். பிஎல்-5சி என்று எழுதியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்தப் பற்றரி இன்றும் கடைகளில் கிடைக்கிறது, சின்ன ரேடியோக்கள் பலவற்றில் அதுதான் ஓடுகிறது. போனின் ஓட்டை வழியாகச் சார்ஜ் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. பற்றரியைத் தனியாகக் கவ்வி வைத்து ஏற்றும் சார்ஜர் இருக்கிறது. அல்லது அதே பற்றரி போடும் ரேடியோ ஒன்றுக்குள் வைத்து ஏற்றுங்கள். பழைய பற்றரி ஊதியிருந்தால் தொடவேண்டாம், புதிது வாங்குங்கள். நிறைந்த பற்றரியைப் போனில் போட்டால் எழும்பும்.

எழும்பியதும் வேறொன்றும் செய்யாதீர்கள். முதலில் படங்களையும் பதிவையும் புளூடூத்தால் உங்கள் இப்போதைய போனுக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றாக, பொறுமையாக. பக்கத்தில் மெமரி கார்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதற்குப் பிரதி எடுத்துவிட்டுக் கழற்றிக் கணினியில் போடலாம். அந்தக் காலத்துப் போன்கள் பலவற்றில் சார்ஜுக்கு ஒரு ஓட்டை, டேட்டாவுக்கு வேறு வாய். ஆகவே சார்ஜ் ஓட்டை போனாலும் உள்ளே இருப்பது போகவில்லை. தயவுசெய்து "ரீசெட்" செய்யச் சொல்கிற யாரிடமும் போனைக் கொடுக்காதீர்கள்.

விசுவமடு ரீச்சர்

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் இப்படி மௌனமாகக் கிடக்கும் பழைய போன்கள் இருந்தால் வயர் கிடைக்கும் காலத்திலேயே உள்ளே உள்ளதை எடுத்துவிடுங்கள். எங்கள் ஊரில் ஒரு படத்துக்காக ஏங்குகிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

புதுக்குடியிருப்பு மகள்

பிஎல்-5சிதான் எழுதியிருக்கிறது மாஸ்டர். ஊதவில்லை. அயலில் ஒரு ஐயாவிடம் அந்தப் பற்றரி போடும் ரேடியோ இருக்கிறது, நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன். நன்றி, வேறு சொல்லத் தெரியவில்லை.

கிளிநொச்சிக் கடைக்காரன்

தங்கச்சி, ரேடியோ கிடைக்காவிட்டால் கடைக்கு வாங்கோ. பற்றரியைத் தனியாக ஏற்றும் சார்ஜர் என்னிடம் இருக்கிறது. காசு வேண்டாம்.

இந்த இழையைப் பார்த்தபின் ஒன்று செய்கிறேன். கடையில் நின்றுபோன சரக்கை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு முன்மேசையில் வைக்கிறேன். சின்னப் பின் சார்ஜர், பெரிய பின் மாற்றித் துண்டு, மினி வயர், 30 பின் வயர், பழைய ஏ தலைகள். விற்காத சாமான் எனக்கு இடத்தைத்தான் பிடிக்கிறது. தேவையானவர்கள் தங்கள் சாமானைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்து, வேலை செய்தால் எடுத்துக்கொண்டு போகலாம். உங்கள் வீட்டில் சும்மா கிடப்பதைக் கொண்டுவந்து அதில் போட்டாலும் சந்தோசம். அறுந்த வயரைச் செம்புக்காக எரிக்கிற பழக்கம் சில இடத்தில் இருக்கிறது. அந்தப் புகை நஞ்சு, பிள்ளைகள் உள்ள இடத்தில் செய்யாதீர்கள், அதையும் என்னிடமே கொடுங்கள்.

மைக்ரோ வயர் தடித்தது ஒரு கட்டு எடுக்கிறேன். இந்த முறை மலிவு வயரைப் பக்கத்தில் தொங்கவிடமாட்டேன்.

முல்லைக்கடல்

அண்ணை, மினி வயர் ஒன்றை எனக்கு எடுத்து வையுங்கோ. வெள்ளிக்கிழமை கிளிநொச்சிப் பக்கம் வருவேன்.

கிளிநொச்சிக் கடைக்காரன்

சரி தம்பி. ஜி.பி.எஸ்ஸையும் கொண்டுவாங்கோ, போட்டுப் பார்த்துத் தருகிறேன்.